பாசடீனாவில் புத்தாண்டு: ரோஸ் பவுல் பயணக் குறிப்புகள்

டிசம்பர் 30, 2023, சனிக்கிழமை

டெட்ராய்ட் விமான நிலையத்தில் இன்று காலை நீலச் சட்டை அணியாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் நிறங்களான கருநீலமும் சோளமஞ்சளும் தொப்பியிலும் கம்பளிச் சட்டையிலும், ஒரு கைக்குழந்தையின் காலுறையிலும்கூடத் தெரிந்தன. விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. காரணம் என்னவென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் காத்திருந்த கூட்டத்தில் எவரும் முகம் சுளிக்கவில்லை. யாரோ ஒருவர் 'கோ ப்ளூ' என்று குரல் கொடுப்பார். நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவர் தலையைத் தூக்காமலேயே அதே சொல்லைத் திருப்பிச் சொல்வார். இப்படியே பொழுது போனது.

என் மகன் மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அவனோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இந்த அமெரிக்கக் கால்பந்து எனக்கும் பிடித்துப்போய்விட்டது. காலால் உதைப்பது குறைவாகவும் கையால் பிடிப்பதும் எறிவதும் அதிகமாகவும் இருக்கும் இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒன்றிரண்டு விவரம் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் எல்லைக்குள் பந்தோடு நுழைந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக ஒன்று. நுழைய முடியாதபோது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. நான்காம் முயற்சியில் வழி தெரியாத அணி பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பது பண்ட். இந்தப் பயணக் குறிப்பைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

பருவம் முடிந்தபின் சிறந்த கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டங்களுக்குத்தான் 'பவுல்' என்று பெயர். அவற்றில் மூத்தது கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் நடக்கும் ரோஸ் பவுல். 1902ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் நடந்த முதல் ஆட்டத்தில் மிஷிகன் 49-0 என்று ஸ்டான்ஃபோர்டைத் தோற்கடித்தது; எட்டு நிமிடம் மீதமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் அவ்வளவு ஒருதலையாகப் போனதால் அமைப்பாளர்கள் கால்பந்தையே கைவிட்டு, குதிரை பூட்டிய ரதப் பந்தயம் போன்றவற்றை வைத்துப் பார்த்தார்கள். 1916இல்தான் கால்பந்து திரும்பி வந்தது. இந்த ஆண்டு ரோஸ் பவுல் தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி. முதலிடத்தில் இருக்கும், ஒரு தோல்வியும் காணாத மிஷிகனும், நான்காம் இடத்தில் இருக்கும் அலபாமாவும் மோதுகின்றன.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வாடகைக் காரில் வந்து சேர மாலையாகிவிட்டது. ஆர்க்கேடியாவில் எடுத்திருந்த விடுதியில் இரண்டு கட்டில் கேட்டுப் பதிவு செய்திருந்தோம். ஒரு கட்டில்தான் தந்தார்கள். அறைச் சூடாக்கியும் வேலை செய்யவில்லை. முன்மேசையில் இருந்த இளைஞர் தன் மேலாளரிடம் பேசிப் பார்த்துவிட்டு, வேறு அறை இல்லாததால் மடக்குக் கட்டில் ஒன்றையும் இரண்டு கம்பளிகளையும் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். புத்தாண்டு வாரம் என்பதால் ஓர் இரவுக்கு 289 டாலர், கார் நிறுத்த 20 டாலர் தனி. இரவுச் சாப்பாட்டுக்கு அருகிலிருந்த தைவான் உணவகம் ஒன்றில் காய்கறி நூடுல்ஸும் காரச் சட்னி ஊற்றிய வொண்டனும் கிடைத்தன. இருவருக்கும் சேர்த்து 31 டாலர். சான் கேப்ரியல் பள்ளத்தாக்கின் சீன, தைவான் சமையலைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் உண்மைதான்.

டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை

கொலராடோ பொலிவார்டு என்ற அகலமான சாலைதான் பாசடீனாவின் முதுகெலும்பு. நாளைக் காலை, பூக்களால் மூடிய வண்டிகள் அணிவகுக்கும் ரோஜா ஊர்வலம் செல்லப்போகும் ஐந்தரை மைல் பாதையில் பெரும்பகுதி இந்தச் சாலைதான். இன்று நண்பகலிலிருந்து மக்கள் நடைபாதையில் இடம் பிடிக்கலாம். நாங்கள் இரண்டு மணிக்குப் போனபோது மடக்கு நாற்காலி, காற்று மெத்தை, போர்வை, குளிர்பெட்டி என்று குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தார்கள். சாலையோரத்திலிருந்து சற்று உள்ளே நீலக்கோடு ஒன்று வரைந்திருக்கிறார்கள். இரவு பதினொரு மணி வரை யாரும் நடைபாதை விளிம்பைத் தாண்டக் கூடாது. அதன்பின் அந்தக் கோடு வரை நகர்ந்து வரலாம். எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு சிறுவன் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க, அவனுக்கு உறவேயில்லாத ஒரு பாட்டி "இன்னும் நேரம் இருக்கிறது, கண்ணா" என்ற தொனியில் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஊர்வலம் தொடங்கும் முனையில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முன்னால் பலகைப் படிக்கட்டு இருக்கைகளை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் எல்லாம் அங்கேதான். தமிழர்கள் இந்தப் பெயரை அறிந்திருக்கக்கூடும். சிவபுரம் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட சோழர் கால நடராசர் செப்புத்திருமேனியை 1973இல் வாங்கியவர் இந்த நார்ட்டன் சைமன்தான். வழக்கும் உடன்படிக்கையும் கடந்து 1986இல் அந்தத் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. அந்தக் கட்டடத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றேன். மகனுக்கு இந்தக் கதை தெரியாது, நடந்துகொண்டே சொன்னேன்.

அவன் எனக்குப் பதிலுக்குச் சொன்னது கால்டெக் மாணவர்களின் கதை. பாசடீனாவிலேயே இருக்கும் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ரோஸ் பவுலில் ஆடும் அணி கிடையாது. 1961இல் வாஷிங்டனும் மின்னசோட்டாவும் ஆடியபோது, வாஷிங்டன் ரசிகர்கள் இடைவேளையில் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்து எழுத்துக்களும் படங்களும் காட்டுவதாக ஏற்பாடு. கால்டெக் மாணவர்கள் முன்கூட்டியே அந்தக் குறிப்புத் தாள்களை மாற்றி வைத்துவிட்டார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, வாஷிங்டன் கூட்டம் தன்னையறியாமல் 'கால்டெக்' என்ற பெயரைத் தூக்கிக் காட்டியது. யாருக்கும் வலிக்காத, ஆனால் மாதக்கணக்கில் உழைத்தாலும் எல்லோருக்கும் வராத குறும்பு அது.

பழைய பாசடீனாப் பகுதியில் மிஷிகன் நீலமும் அலபாமாவின் செந்நிறமும் சமமாகக் கலந்து திரிந்தன. எதிரெதிர் நிறம் அணிந்தவர்கள் உணவகத்தில் ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்தேன். எங்களுக்கும் அப்படித்தான் அமைந்தது. டாக்கோ கடையில் இடமில்லாமல் தட்டோடு நின்றபோது செந்நிறச் சட்டை அணிந்த ஒரு தம்பதியர் பக்கத்து நாற்காலியிலிருந்த பைகளை எடுத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்கள். அலபாமாவின் டஸ்கலூசா அருகிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என்னை 'மேடம்' என்றார்கள். பீன்ஸும் வறுத்த குடைமிளகாயும் வைத்த டாக்கோ ஒன்று 4 டாலர். பச்சைச் சட்னிக்குக் காசில்லை.

அந்த அம்மையார் நவம்பர் 25ஆம் தேதியை மறக்கவே முடியாது என்றார். அன்று ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக அலபாமா பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில், நான்காம் முயற்சியில் 31 யார்டு தேவை என்ற நிலை. அப்போது ஜேலன் மில்ரோ எறிந்த பந்தை எல்லையின் மூலையில் ஐசையா பாண்ட் பிடித்தார். அலபாமா 27-24 என்று தப்பியது. மகன் துள்ளி எழுந்து, அதே நாளில்தான் மிஷிகன் ஒஹையோ ஸ்டேட்டை 30-24 என்று வென்றது என்றான். அணித்தலைவர்களுள் ஒருவரான ஜாக் ஜின்டர் கால் முறிந்து வெளியேற, அடுத்த முயற்சியிலேயே பிளேக் கோரம் பந்தை ஏந்தி ஓடி டச்டவுன் அடித்த ஆட்டம் அது. ஒரே சனிக்கிழமையில் இரண்டு குடும்பங்களும் இரண்டு ஊர்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அந்த மேசையில் வைத்துத் தெரிந்துகொண்டோம். நாளை மைதானத்தை ஒட்டிய புல்வெளியில் தங்கள் வண்டி எங்கே நிற்கும் என்று சொல்லி, கட்டாயம் வர வேண்டும் என்றார்கள்.

ஜனவரி 1, 2024, திங்கட்கிழமை

அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். விறைக்கும் குளிர் இல்லைதான். ஆனாலும் நின்றுகொண்டே இருந்தால் காது வலித்தது. சாலையோரத்தில் ஒரு மெக்சிகப் பெண்மணி தள்ளுவண்டியில் தமாலே விற்றுக்கொண்டிருந்தார். மக்காச்சோள மாவைச் சோளத்தோலில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. பாலாடைக்கட்டியும் பச்சைமிளகாயும் வைத்தது ஒன்று 3 டாலர். சாம்ப்புராடோ என்ற, சோளமாவும் சாக்கலேட்டும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான பானம் 4 டாலர். அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதில்தான் விரல்களுக்கு உணர்வு திரும்பியது.

எட்டு மணிக்குத் தலைக்கு மேலே கரிய இறக்கை போன்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று தாழப் பறந்து போக, ஊர்வலம் தொடங்கியது. இது 135ஆவது ரோஜா ஊர்வலம். 1890இல் கிழக்கு மாநிலங்கள் பனியில் புதைந்து கிடக்கும்போது தங்கள் ஊரில் ரோஜாவும் ஆரஞ்சும் பூத்துக் குலுங்குவதை உலகுக்குக் காட்ட வேண்டும் என்று பாசடீனா வேட்டைச் சங்கத்தார் தொடங்கியது. வண்டிகளின் வெளிப்பரப்பு முழுவதையும் பூ, இலை, விதை, பட்டை போன்ற இயற்கைப் பொருள்களால் மூட வேண்டும் என்பது விதி. இரண்டு பல்கலைக்கழகங்களின் வாத்தியக் குழுக்களும் அணிவகுத்து வந்தன. மிஷிகன் குழு எங்களைக் கடந்தபோது மகன் கத்திய கத்தலில், முன்னால் உட்கார்ந்திருந்த மெக்சிகக் குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்து, அடுத்த முறை அவனோடு சேர்ந்தே கத்தியது.

பத்தரை மணிக்கு நடக்கத் தொடங்கி, அரோயோ செக்கோ என்ற வறண்ட ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கினோம். ரோஸ் பவுல் மைதானம் இந்தப் பள்ளத்துக்குள்தான் 1922இல் கட்டப்பட்டது. சுற்றிலும் மரங்கள், வடக்கே சான் கேப்ரியல் மலை. ஒட்டியிருக்கும் கோல்ஃப் புல்வெளிதான் இன்று வண்டி நிறுத்துமிடம். ஆயிரக்கணக்கான வண்டிகளின் பின்கதவுகள் திறந்திருக்க, ஒவ்வொன்றின் முன்னும் அடுப்பு எரிந்தது. நேற்றுச் சந்தித்த அலபாமா தம்பதியரைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அவர்கள் கொடுத்த முதல் பண்டம் என்னைத் திகைக்க வைத்தது. தோலோடு உப்புநீரில் வேகவைத்த நிலக்கடலை! நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தருவார்களே, அதே மணம், அதே ஈரம், பல்லால் கடித்ததும் உப்புநீர் நாக்கில் தெறிக்கும் அதே சுவை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சாலையோரக் கடைகளில் இதை வாளி வாளியாக விற்பார்களாம். "வடக்கத்தியர்கள் இதைத் தொட மாட்டார்கள், மேடம், நீங்கள் தோலை உரிக்கிற வேகத்தைப் பார்த்தால் பழக்கப்பட்ட கைபோல இருக்கிறது" என்றார் அந்த அம்மையாரின் கணவர். அவர்கள் வைத்திருந்த பெரிய கிண்ணத்தில் பாதியை நானே காலி செய்திருப்பேன். 1926இல் அலபாமா முதன்முதலாக இங்கே வந்து, தென்னகத்தார் ஆடத் தெரியாதவர்கள் என்ற பேச்சைப் பொய்யாக்கி, வாஷிங்டனை 20-19 என்று வென்றதை அவர் தன் தாத்தா வாயால் கேட்டவர். தோற்றுக்கொண்டிருந்த ஒரு பிரதேசத்துக்கே அந்த ஒரு புள்ளி தலைநிமிர்வைத் தந்தது என்றார்.

மைதானத்துக்குள் தண்ணீர் பாட்டில் 7 டாலர், மிளகாய்த்தூள் தூவிய மாம்பழத் துண்டுகள் 12 டாலர். இருக்கை என்பது பலகைதான். அடுத்தவர் தோளும் நம் தோளும் ஒட்டித்தான் இருக்கும். இன்று வந்தவர்கள் 96,371 பேர். எனக்கு இடப்பக்கம் எழுபதுகளில் ஆன் ஆர்பரில் படித்த ஒரு மூதாட்டி, வலப்பக்கம் மகன், அவனுக்கு அப்பால் எட்டு வயது மகளோடு வந்திருந்த ஓர் அலபாமாக்காரர். மூதாட்டி பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரின் காலத்தில் இங்கே வந்து வந்து தோல்வி பார்த்தவர். ஷெம்பெக்லர் பத்து ரோஸ் பவுல்களில் எட்டில் தோற்றார். மிஷிகன் கடைசியாக இங்கே வென்றது 1998இல். "இந்த முறை மட்டும்" என்று சொல்லித் தன் கையுறையை இறுக்கிக்கொண்டார்.

ஆட்டத்தின் முதல் முயற்சியிலேயே உயிர் போய்த் திரும்பியது. மிஷிகனின் ஜே. ஜே. மெக்கார்த்தி எறிந்த பந்தை அலபாமாவின் கேலப் டவுன்ஸ் பாய்ந்து பிடித்துவிட்டார். மறுபார்வையில் அவர் கால் கோட்டுக்கு வெளியே பட்டது தெரிந்து தீர்ப்பு மாறியது. ஆனாலும் நிம்மதி நீடிக்கவில்லை. அலபாமா உதைத்த பண்டைப் பிடிக்க நின்ற செமாஜ் மோர்கன் கையிலிருந்து பந்து நழுவ, அலபாமா அதைக் கைப்பற்றியது. சற்று நேரத்தில் ஜேஸ் மக்லெல்லன் 34 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். அலபாமாக்காரரின் மகள் எழுந்து நின்று ஆடினாள். மகன் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

முதல் பாதியில் மிஷிகனின் தடுப்பாட்டம்தான் கண்ணை நிறைத்தது. பந்தெறியும் மில்ரோ நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் மேல் இரண்டு மூன்று பேர் விழுந்தார்கள். அந்தப் பாதியில் மட்டும் ஐந்து முறை அவரை எறிய விடாமல் வீழ்த்தினார்கள். கோரம் பிடித்த 8 யார்டு எறிதலும் டைலர் மாரிஸ் பிடித்த 38 யார்டு எறிதலும் இரண்டு டச்டவுன்கள். ஆனால் இரண்டாவதற்குப் பின் எடுக்க வேண்டிய ஒற்றைப் புள்ளி, பந்து சரியாகக் கைக்கு வந்து சேராததால் உதைக்கவே முடியாமல் போனது. அலபாமாவின் வில் ரைக்கார்டு 50 யார்டிலிருந்து உதைத்த ஃபீல்டு கோலோடு 13-10. மூதாட்டி அந்த ஒரு புள்ளியைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தார். அவர் கவலை எத்தனை சரியானது என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் கால்பகுதியில் ஒரு புள்ளியும் விழவில்லை. அந்நேரத்தில்தான் இந்த மைதானத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் அந்தப் பொழுது வந்தது. மேற்கே வெயில் இறங்க, வடக்கே மலைமுகடுகள் முதலில் பொன்னாகி, பின்பு ரோஜா நிறமாகி, ஊதாவாக மாறின. பலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். என்னால் மலையை முழுதாக ரசிக்க முடியவில்லை. அலபாமாவின் பிடி இறுகிக்கொண்டே வந்தது. நான்காம் கால்பகுதியின் தொடக்கத்தில் மக்லெல்லன் மீண்டும் டச்டவுன் அடிக்க 17-13. மிஷிகனின் ஜேம்ஸ் டர்னர் 49 யார்டிலிருந்து உதைத்தது கம்பத்துக்கு வெளியே போனது. ரைக்கார்டு 52 யார்டிலிருந்து உதைத்தது உள்ளே போனது. 20-13, நான்கு நிமிடம் 41 நொடி மீதம்.

இனி நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மிஷிகன் தன் எல்லைக்கோட்டிலிருந்து 33ஆவது யார்டில் நின்றது. நான்காம் முயற்சி, தேவை இரண்டு யார்டு. தோற்றால் ஆட்டம் முடிந்தது. மெக்கார்த்தி எறிய, ஓரமாக நழுவிய கோரம் தனியாக நின்று பிடித்து ஓடினார். என் பக்கத்தில் மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பிடித்துவிட்டார், பிடித்துவிட்டார்" என்று நான் தமிழில் சொல்லிக் கையைப் பிடித்து உலுக்கினேன், அவருக்கும் புரிந்தது. அடுத்து ரோமன் வில்சன் உயரத் தாவிப் பிடித்த 29 யார்டு. பந்து அலபாமாவின் 5ஆவது யார்டுக்கு வந்துவிட்டது. பிறகு அதே வில்சனுக்கு 4 யார்டு எறிதல், டச்டவுன். ஒரு நிமிடம் 34 நொடி இருக்கும்போது 20-20. முதல் பாதியில் கைவிட்ட அந்த ஒற்றைப் புள்ளி இருந்திருந்தால் இப்போது மிஷிகன் முன்னிலையில் இருந்திருக்கும்.

அதோடு விட்டதா? அலபாமா உதைத்த பண்டை ஜேக் தா தன் எல்லைக்கு மிக அருகில் பிடிக்கப்போய்த் தவறவிட்டார். பந்து பின்னால் உருண்டது. அவர் அதன்மேல் விழுந்து 1ஆவது யார்டில் மீட்டார். அலபாமாக்காரர் ஒருவர் கையில் அது சிக்கியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். 44 நொடிதான் மீதம். மிஷிகன் மூச்சை அடக்கிக்கொண்டு நேரத்தைக் கழித்தது.

கூடுதல் நேரத்தில் இரு அணிகளும் எதிரணியின் 25ஆவது யார்டிலிருந்து முறைக்கு ஒருமுறை தொடங்க வேண்டும். முதலில் மிஷிகன். கோரம் 8 யார்டு ஓடினார். அடுத்ததில் 17 யார்டு: நடுவில் நுழைந்து, ஒரு கணம் நின்று, உடலைச் சுழற்றித் திரும்பி, பிடிக்க வந்தவர்களின் கைகளுக்கு இடையே புகுந்து எல்லைக்குள் விழுந்தார். மிஷிகனுக்காக அவர் ஓடி அடித்த டச்டவுன்களில் இது 56ஆவது. ஆன்டனி தாமஸின் 55 என்ற பழைய சாதனை இதோடு தாண்டப்பட்டது. 27-20.

அலபாமா விடவில்லை. எல்லைக்கு மூன்று யார்டு தொலைவில் நான்காம் முயற்சி. இரு தரப்பும் ஆட்டத்தை நிறுத்தி ஆலோசித்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் நின்றார்கள். என் காதில் இரைச்சல் ஒலியாகக் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் அதிர்ந்தது. நடுவில் நிற்பவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அனுப்புவதுதான் ஸ்னாப். அலபாமாவின் ஸ்னாப் அன்று முழுவதும் தாழ்வாகவே வந்துகொண்டிருந்தது, இதுவும் தாழ்ந்தது. மில்ரோ குனிந்து எடுத்து நேராக நடுவில் பாய்ந்தார். நீலச் சட்டைச் சுவர் ஒன்று அவர் மேல் சரிந்தது. சில நொடிகள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மிஷிகன் வீரர்கள் கையை உயர்த்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள்.

மூதாட்டி அழுதார். நானும் அழுதேன். அலபாமாக்காரர் அழுதுகொண்டிருந்த தன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, "அருமையான ஆட்டம், மேடம், பட்டத்தோடு வீடு போய்ச் சேருங்கள்" என்றார். மகன் தன் கழுத்திலிருந்த நீல மணிமாலையைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள், அவன் வற்புறுத்தவில்லை.

திரும்பும் வழிதான் பாடு. பேருந்துக்கான வரிசையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். கைப்பேசி அலை கிடைக்கவில்லை, டாக்சியும் வரவில்லை. குளிர் ஏறிவிட்டது. வரிசையில் முன்னால் நின்ற செந்நிறக் குடும்பம் ஒன்று மிச்சமிருந்த வறுத்த கோழித் துண்டுகளைச் சுற்றிலும் கொடுத்தது. நான் அசைவம் சாப்பிடுவதில்லை என்றதும் பையைத் துழாவி ஒரு வாழைப்பழம் எடுத்துத் தந்தார்கள்.

ஜனவரி 2, செவ்வாய்க்கிழமை

ஊர்வல வண்டிகளை இன்று சியரா மாட்ரே பொலிவார்டு பக்கம் நிறுத்தி அருகில் சென்று பார்க்க விடுகிறார்கள். நேற்றுத் தொலைவில் வண்ணமாகத் தெரிந்ததெல்லாம் இன்று பொருளாகத் தெரிந்தது. ஒரு விலங்கின் மூக்கை மூடியிருந்தது காப்பிக்கொட்டை. கழுத்து முழுக்கச் செந்நிறப் பருப்பு, ஒவ்வொன்றாகப் பசையிட்டு ஒரே திசையில் சாய்த்து ஒட்டியது. வெள்ளைப் பரப்பு என்று நான் நினைத்தது பொடித்த அரிசியும் தேங்காய்த் துருவலும். ரோஜாக்கள் ஒவ்வொன்றும் தண்ணீர் நிரப்பிய சிறு குப்பியில் தனித்தனியாகச் செருகப்பட்டிருந்தன. சிலவற்றின் இதழோரம் பழுக்கத் தொடங்கியிருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் முழுவதும் தன்னார்வலர்கள் இரவும் பகலும் ஒட்டுவார்களாம். அப்படி ஒட்டிய ஓர் ஓய்வுபெற்ற செவிலியர் அங்கே நின்று, தான் ஒட்டிய இடத்தைத் தன் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

நேற்றைய ஆட்டத்தைக் காலையிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். மிஷிகன் அழகாக ஆடியதால் வென்றது என்று என்னால் எழுத முடியாது. இரண்டு பண்டைக் கைநழுவவிட்டார்கள், ஒற்றைப் புள்ளியைக் கோட்டைவிட்டார்கள், ஒரு ஃபீல்டு கோலைத் தவறவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு அடுத்த முயற்சிக்கு அதே மனத்தோடு வந்து நின்றார்கள். அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. 2021 பருவத்தின் அரையிறுதியில் ஜார்ஜியாவிடம் 34-11, சென்ற ஆண்டு டிசியுவிடம் (டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்) 51-45 என்று தோற்ற அணி இது. பந்தை நழுவவிட்ட மோர்கனுக்கு அது கல்லூரியில் முதல் ஆண்டு. இடைவேளையில் அவரைச் சுற்றி நின்று யாரெல்லாம் என்ன சொன்னார்களோ, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அலபாமாவின் ஸ்னாப் தாழ்ந்ததற்காக அந்த நடுவீரர் மீது இன்று கொட்டப்படும் ஏச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. படிக்கும் பிள்ளைகள் அவர்கள்.

மாலை விமானத்தில் திரும்பினோம். இந்த முறை நேரத்துக்குக் கிளம்பியது.

ஜனவரி 10, புதன்கிழமை, மிஷிகன்

ஒரு பின்சேர்க்கை. நேற்று முன்தினம் ஹூஸ்டனில் மிஷிகன் வாஷிங்டனை 34-13 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. அந்த ஆட்டத்தை வீட்டில் பார்த்தோம். மகன் ஆன் ஆர்பரில் தன் நண்பர்களோடு தெருவில் இருந்தான். விடியும்வரை தொலைபேசியை எடுக்கவில்லை.

இன்று அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு அறிவித்துவிட்டார். அலபாமாவில் 17 பருவம், அங்கே ஆறு தேசியப் பட்டம், அதற்கு முன் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒன்று. கல்லூரிக் கால்பந்தில் இவரளவு பட்டம் வென்ற பயிற்சியாளர் இல்லை. அப்படியானால் எல்லைக்கு மூன்று யார்டு தொலைவில் மில்ரோ பாய்ந்தாரே, அதுதான் அவர் வழிநடத்திய கடைசி முயற்சி. தேசியப் பட்டத்துக்காக நான்கு அணிகள் மட்டும் மோதும் முறையும் இந்த ஆண்டோடு முடிகிறது. அடுத்த பருவத்திலிருந்து பன்னிரண்டு அணிகள். ரோஸ் பவுல் அப்போது காலிறுதி. டஸ்கலூசாக்காரர்கள் எந்த அணி வந்தாலும் புத்தாண்டுக்கு அங்கே இருப்போம் என்றிருந்தார்கள். மகனுக்கும் போக வேண்டுமாம். விடுதியை மட்டும் இப்போதே வேறிடத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.